ஜேசன் டாட் கேட்ட கேள்வி: காமிக்ஸ் வாசகன் பார்வையில் 'அண்டர் தி ரெட் ஹுட்'

'பேட்மேன்: அண்டர் தி ரெட் ஹுட்' அனிமேஷன் படத்தைக் காமிக்ஸ் வாசகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், அது மூலக்கதைக்கு உண்மையாக இருக்கிறதா, காமிக்ஸைப் படிக்காமலேயே படத்தைப் பார்க்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நடுக்கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படம் மூலக்கதைக்கு உண்மையாக இல்லை. ஜேசன் டாட் சாகும் ஊர், அவன் உயிரோடு திரும்பி வரும் விதம், கடைசி மோதலின் முடிவு எல்லாமே மாறியிருக்கின்றன. அப்படி மாற்றியதால்தான் இது நல்ல படமாக இருக்கிறது என்பது என் கட்சி. மாற்றியவர் வேறு யாரோ அல்லர். காமிக்ஸை எழுதிய ஜட் வினிக்கே 2010இல் வெளியான இந்தப் படத்தின் திரைக்கதையையும் எழுதினார். தான் எழுதிய கதையை ஐந்தே ஆண்டுகளில் திரும்ப எழுத ஒருவருக்கு வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம். அந்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அவரோடு தீராத வருத்தம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் படத்தின் கனம் புரிய வேண்டுமென்றால் ஜேசன் டாட் யார் என்று தெரிய வேண்டும். பேட்மேனின் இளம் கூட்டாளியான ராபினாக முதலில் இருந்த டிக் கிரேசன் (பின்னாளில் நைட்விங் என்ற தனி வீரனானவன் இவன்தான்) வளர்ந்துவிட்டபோது, பேட்மேனுக்கு இன்னொரு சிறுவன் தேவைப்பட்டான். 1983இல் ஜெர்ரி கான்வேயும் ஓவியர் டான் நியூட்டனும் ஜேசனை உருவாக்கினார்கள். அப்போது அவன் டிக்கின் அச்சு அசல் நகல்: அதே சர்க்கஸ் குடும்பம், அதேபோல் கொலையான பெற்றோர். 1987இல் மேக்ஸ் ஆலன் காலின்ஸ் அவன் பின்கதையை அடியோடு மாற்றினார். புதிய ஜேசன் தெருவில் வளர்ந்தவன். 'பேட்மேன்' 408ஆம் இதழில் கோத்தம் நகரத்தின் கிரைம் ஆலியில் நிறுத்தியிருந்த பேட்மொபைலின் டயர்களையே கழற்றிக்கொண்டிருக்கும்போது பிடிபடுகிறான். பேட்மேனாக மாறிய புரூஸ் வெயினின் பெற்றோர் சுட்டுக்கொல்லப்பட்ட அதே சந்து அது. பேட்மேனைக் கண்டு கோத்தமின் ரவுடிகளே நடுங்கும்போது, இந்தப் பையன் அவனுடைய வண்டியின் சக்கரத்திலேயே கை வைத்தான். என்னைப் பொறுத்தவரை ஜேசன் என்ற பாத்திரம் பிறந்தது அந்தப் பக்கத்தில்தான்.

அடுத்து ஜிம் ஸ்டார்லின் எழுத வந்தார். அவருக்கு ராபின் என்ற பாத்திரத்தின் மீதே பெரிய விருப்பம் இருந்ததில்லை. அவர் கையில் ஜேசன் கோபக்காரனானான். 424ஆம் இதழில் ஒரு பெண்ணைச் சீரழித்தவன், அயல்நாட்டுத் தூதரின் மகன் என்பதால் சட்டத்தின் பிடியில் சிக்காமல் தப்பிக்கிறான். அந்தப் பெண் தூக்கில் தொங்குகிறாள். கடைசியில் மாடியிலிருந்து அவன் கீழே விழுந்து சாகும்போது மேலே நிற்பவன் ஜேசன். தள்ளினாயா என்று பேட்மேன் கேட்கிறான். பயந்துபோய்த் தவறி விழுந்திருப்பான் என்கிறான் ஜேசன். உண்மை என்ன என்பதைக் காமிக்ஸ் காட்டவே இல்லை. பின்னாளில் ரெட் ஹுட் என்ற முகமூடி மனிதனாக வந்து அவன் எழுப்பும் வழக்கு முழுவதற்கும் விதை இந்த ஓர் இதழில் கிடக்கிறது. படத்தில் இது இல்லை. அதற்குப் பதிலாகப் போதைப்பொருள் விற்பவன் ஒருவனின் காறை எலும்பை ஜேசன் நொறுக்கும் ஒரு காட்சி வருகிறது. சுருக்கமாக வேலை முடிகிறது. ஆனால் அந்த மாடியில் இருந்த சந்தேகத்தின் ஆழம் இதில் இல்லை.

1988இல் நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. 'எ டெத் இன் தி ஃபேமிலி' தொடரில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் ஜேசனைக் கடப்பாரையால் அடித்து, கட்டடத்தில் வெடிகுண்டு வைத்துவிட்டுப் போகிறான். அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று வாசகர்களே முடிவு செய்யட்டும் என்று இரண்டு தொலைபேசி எண்கள் அச்சிடப்பட்டன. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வித்தியாசத்தில் ஒரு சிறுவனின் தலைவிதி எழுதப்பட்டது. அவன் ஒரு கற்பனைப் பாத்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது சங்கடப்படுகிறது. தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவன் பின்னாளில் குமுறுவதை இந்த எண்களோடு சேர்த்துத்தான் என்னால் படிக்க முடிகிறது. அவனைக் கைவிட்டவர்களில் வாசகர்களும் உண்டு.

அதற்குப் பிறகு ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஜேசன் செத்தவனாகவே இருந்தான். செத்தவர்கள் சர்வசாதாரணமாக எழுந்து வரும் காமிக்ஸ் உலகில் அது மிகப் பெரிய காலம். கேப்டன் அமெரிக்காவின் கூட்டாளி பக்கி, பேட்மேனின் ஜேசன், ஸ்பைடர்மேனின் அங்கிள் பென் ஆகிய மூவர் மட்டும் திரும்பி வரவே மாட்டார்கள் என்று ரசிகர்களிடையே ஒரு சொலவடையே இருந்தது. 2005இல் பக்கியும் வந்தான், ஜேசனும் வந்தான்.

ஜேசனின் வருகையை வினிக் 'பேட்மேன்' இதழில் 635இலிருந்து 650 வரை, இடையில் சில இதழ்கள் நீங்கலாக, எழுதினார். பெரும்பகுதிக்கு ஓவியம் டக் மாங்கி. அடிப்படை யோசனை பிரமாதம். ஜோக்கர் தன் ஆரம்ப நாள்களில் அணிந்திருந்த சிவப்பு முகமூடியின் பெயரையே ஜேசன் எடுத்துக்கொண்டு, கோத்தமின் குற்ற உலகைக் கைப்பற்ற வருகிறான். தன்னைக் கொன்றவனின் பழைய பெயரோடு வருகிறான் என்றால் அவன் எதற்காக வருகிறான் என்று விளக்கவே தேவையில்லை. ஆனால் செத்தவன் எப்படி எழுந்தான்? 2006இல் வந்த ஆண்டுச் சிறப்பிதழில் அதற்கு விடை கிடைத்தது. வேறொரு பிரபஞ்சத்தைச் சேர்ந்த சூப்பர்பாய் பிரைம் காலவெளியின் சுவரை ஓங்கிக் குத்துகிறான், அந்த அதிர்வில் கல்லறைக்குள் இருந்த ஜேசனுக்கு உயிர் வந்துவிடுகிறது! இதைப் படித்துவிட்டு ஆத்திரப்படாத பேட்மேன் வாசகரை நான் பார்த்ததில்லை. அப்போது டிசி காமிக்ஸ் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த 'இன்ஃபினிட் கிரைசிஸ்' என்ற மாபெரும் தொடரோடு எல்லாப் புத்தகங்களும் ஒட்டியாக வேண்டும் என்ற கட்டாயத்தின் விளைவு இது. வளர்ப்புத் தந்தையான பேட்மேனுக்கும் மகனுக்கும் நடுவில் நிகழ வேண்டிய ஒரு துக்கத்துக்கு, சம்பந்தமே இல்லாத ஒருவன் எங்கோ குத்திய குத்து காரணமாகிவிட்டது.

படம் இதைத் தூக்கி எறிந்துவிட்டு ராஸ் அல் குலைக் கொண்டுவருகிறது. தன் சதித்திட்டம் நிறைவேறும்வரை பேட்மேனின் கவனத்தைத் திருப்ப அவன்தான் ஜோக்கரைக் கூலிக்கு அமர்த்துகிறான். கட்டவிழ்த்துவிட்ட பைத்தியக்காரன் ஒரு சிறுவனைக் கொன்றபோது ராஸே அதிர்ந்து போகிறான். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக உடலைத் திருடிக் கொண்டுபோய், இறந்தவர்களை எழுப்பும் லாசரஸ் குளத்தில் இறக்குகிறான். எழுந்த ஜேசன் பித்துப்பிடித்தவனாக ஓடிவிடுகிறான். இந்த ஒரு மாற்றத்தில் எத்தனை விஷயங்கள் நேராகின்றன பாருங்கள். சாவுக்கும் உயிர்ப்புக்கும் காரணம் ஒரே ஆள். அந்த ஆள் பேட்மேனின் பழைய எதிரி. அவனிடம் குற்றவுணர்வு இருக்கிறது. ஜேசனின் கதை இதுதான்: அவன் வாழ்க்கையில் நுழைந்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தவறு செய்துவிட்டு, அதற்கான விலையை அவன் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். ராஸும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறான். ஜேசன் ஐசக்ஸ் கொடுத்த குரலில் ராஸ் தன் தவறை ஒப்புக்கொள்ளும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்கிறோமே என்ற கூச்சமும், பேரரசனின் மிடுக்கும் ஒன்றாக ஒலிக்கும்.

படத்தின் முதல் ஐந்து நிமிடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். களம் போஸ்னியாவின் சரயேவோ. பேட்மேன் பனியில் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வருகிறான். உள்ளே ஜோக்கர் கடப்பாரையை ஓங்குகிறான். எது அதிகம் வலிக்கிறது, இப்படி அடித்தாலா, அப்படித் திருப்பி அடித்தாலா என்று பரீட்சைத் தாளில் விடையைத் தேர்வு செய்யச் சொல்வதுபோல் கேட்கிறான். இயக்குநர் பிராண்டன் வியட்டி அடிவிழும் உடலை அதிகம் காட்டவில்லை. கடப்பாரை மேலே எழுவதையும் நிழலையும் காட்டுகிறார், மற்றதைச் சத்தத்திடம் விட்டுவிடுகிறார். ஜோக்கர் போனபிறகு, கை கட்டப்பட்ட சிறுவன் தட்டுத்தடுமாறி எழுந்து கதவுவரை போகிறான். கதவு பூட்டியிருக்கிறது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, எண்கள் குறைந்துகொண்டே வரும் வெடிகுண்டைப் பார்க்கிறான். அழவில்லை, கூச்சலிடவில்லை. வெளியே வண்டி வந்து சேரும்போது கட்டடம் சிதறுகிறது. அங்கிருந்து பெயர் எழுத்துகள் தொடங்குகின்றன. குழந்தைகள் படம் என்று நினைத்து வீட்டில் போட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன், இந்தக் காட்சிக்காகவே.

என் தீராத வருத்தமும் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. காமிக்ஸில் ஜேசன் எத்தியோப்பியாவுக்குப் போவது தன்னைப் பெற்ற தாயைத் தேடி. ஷீலா ஹேவுட் என்ற அந்தத் தாய், தன் தவறுகளை மறைப்பதற்காக மகனை ஜோக்கரிடம் காட்டிக்கொடுக்கிறாள். அவன் அடிவாங்கும்போது பக்கத்தில் நிற்கிறாள். பிறகு ஜோக்கர் அவளையும் அங்கேயே கட்டிப்போட்டுவிட்டுப் போகிறான். எலும்பு நொறுங்கிய நிலையிலும் ஜேசன் தாயைக் காப்பாற்றப் பார்க்கிறான், குண்டு வெடிக்கும்போது அவளுக்குக் குறுக்கே பாய்கிறான். சாகும் தறுவாயில் அவளே இதைப் பேட்மேனிடம் சொல்கிறாள். இந்தத் தியாகம் படத்தில் அடியோடு இல்லை. ஒன்றேகால் மணிநேரப் படத்தில் ஒரு தாயின் கதைக்கு இடமில்லை என்பது புரிகிறது. ஆனால் விளைவு என்ன? படத்தை மட்டும் பார்த்தவர்கள் ஜேசன் ஆரம்பத்திலிருந்தே தறிகெட்டவன், பேட்மேன் அவனை ராபினாக்கியதே தவறு என்ற எண்ணத்தோடு எழுந்து போகிறார்கள். தன்னை விற்ற தாய்க்காக உயிரைக் கொடுத்தவன் எப்படித் தறிகெட்டவன் ஆவான்? அரை நிமிடக் காட்சியாகவாவது அதை வைத்திருக்கலாம்.

இன்னொரு நீக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. காமிக்ஸில் ஜேசன் செத்து ஓராண்டுக்குள்ளேயே டிம் டிரேக் என்ற சிறுவன் வந்து, பிறகு மூன்றாவது ராபினானான். திரும்பி வந்த ஜேசனின் கோபத்தில் கணிசமான பங்கு இந்தப் பையன் மீதானது. என் இடத்தில் இன்னொருவனா என்று டிம்மைத் தேடிப் போய் அடித்தே நொறுக்குகிறான். படத்தில் டிம் கிடையாது. பேட்மேனின் குகையில் கண்ணாடிப் பேழைக்குள் ஜேசனின் உடை மட்டும் நிற்கிறது. இந்தப் பேட்மேன் வேறு எந்தச் சிறுவனையும் அழைத்து வரவே இல்லை. அதனால் பொறாமை என்ற கிளை வெட்டப்பட்டு, ஜேசனின் கோபம் முழுவதும் ஒரே புள்ளியில் குவிகிறது.

நடுப்பகுதியை அவ்வளவு சிலாகிக்க மாட்டேன். ரெட் ஹுட் அறிமுகமாகும் கூட்டம் அபாரம். நகரின் போதைப்பொருள் வியாபாரிகளைக் கூட்டி, வருமானத்தில் 40 சதவீதம் தனக்கு, சிறுவர்களிடம் விற்றால் மரணம் என்று நிபந்தனை வைக்கிறான். ஒரு பையை மேசைமேல் எறிகிறான். திறந்தால் உள்ளே அவர்களுடைய தளபதிகளின் தலைகள். தெருப் பிள்ளையாக இருந்தவனுக்குச் சிறுவர்கள் பற்றிய அந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதைப் படம் அழுத்திச் சொல்லாமல் விட்டிருக்கிறது, நல்லது. ஆனால் அமேசோ என்ற ரோபோவுடன் நடக்கும் சண்டை எந்தப் படத்திலும் வரக்கூடியது. கோத்தமின் குற்றத் தலைவன் பிளாக் மாஸ்க் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருக்கிறான். நைட்விங்கை இன்னும் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதே வீட்டில் வளர்ந்து, அதே மனிதரிடம் பயின்று, கெடாமல் நிற்கும் மூத்தவன் அவன். அவனும் ஜேசனும் நேருக்கு நேர் நின்று பேசும் ஒரு காட்சிகூட இல்லை. காலில் காயம் பட்டுக் கதையிலிருந்தே விலகிவிடுகிறான்.

குரல்களில் பலருக்கு மனக்குறை உண்டு. பேட்மேன் என்றால் கெவின் கான்ராய், ஜோக்கர் என்றால் மார்க் ஹாமில் என்று 1990களின் தொலைக்காட்சித் தொடர் நம் காதைப் பழக்கிவிட்டது. இங்கே புரூஸ் கிரீன்வுட்டும் ஜான் டிமாஜியோவும். ஹாமிலின் ஜோக்கரிடம் ஒரு மேடைக் கலைஞனின் துள்ளல் இருக்கும். டிமாஜியோவின் குரல் தடித்தது, கரடுமுரடானது, கடப்பாரை பிடித்த கைக்கு ஏற்றது. இந்தக் கதைக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் படத்தைத் தாங்கி நிற்பது ஜென்சன் ஆக்கிள்ஸ் ஜேசனுக்குக் கொடுத்த குரல். படம் முழுக்கக் கேலியும் திமிருமாகப் பேசிவந்த அந்தக் குரல் கடைசி அறையில் உடைகிறது.

கிரைம் ஆலியில் பாழடைந்த ஒரு கட்டடம். ஜோக்கர் ஜேசனின் பிடியில். இந்த இடத்தில் வசனங்களின் சாரம் காமிக்ஸில் இருந்ததுதான், ஏறக்குறைய அப்படியே வருகிறது. ஜேசனைக் காப்பாற்றத் தவறிவிட்டோம் என்ற குற்றவுணர்வில் பேட்மேன் பேசத் தொடங்கும்போது ஜேசன் குறுக்கிடுகிறான். என்னைக் காப்பாற்றாததற்காக உன்னை மன்னித்துவிட்டேன், ஆனால் இவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று கேட்கிறான். படத்தைக் கொண்டாடுவது ஏன் என்று கேட்டீர்களே, இந்தக் கேள்விக்காகத்தான். பேட்மேன் ஏன் ஜோக்கரைக் கொல்வதில்லை என்று வாசகர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வழக்கமாக அது ஒரு பட்டிமன்றத் தலைப்பாகவே நின்றுவிடும்: சட்டமா நீதியா, ஒருவனைக் கொன்றால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற கணக்கு. ஜேசன் அந்தக் கணக்கை ஒதுக்கித் தள்ளுகிறான். பெங்குவின், ஸ்கேர்குரோ, டென்ட் போன்ற மற்ற வில்லன்களைக் கொல்லச் சொல்லவில்லை என்கிறான். இவன் ஒருவனை மட்டும், இவன் என்னை உன்னிடமிருந்து பறித்தான் என்பதற்காக மட்டும் என்கிறான். அவனுக்கு வேண்டியது கோத்தமின் நன்மை அல்ல. நான் செத்தது உனக்கு உலகமே இடிந்த மாதிரி இருந்ததா, இல்லையா என்று ஒரு மகன் தந்தையிடம் கேட்கிறான்.

பேட்மேனின் பதிலும் அதே அளவு நேர்மையானது. கொல்ல நினைக்காத நாளே இல்லை, விதவிதமாகச் சித்திரவதை செய்வதை நினைத்துப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருமுறை அந்த இடத்துக்குள் இறங்கினால் திரும்பி வரமாட்டேன் என்கிறான். கொள்கை விளக்கத்தை எதிர்பார்க்கும் இடத்தில் தன் பயத்தைச் சொல்கிறான். இருவருமே உண்மை பேசுகிறார்கள், ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் போதவில்லை. பையனுக்கு வேண்டிய பதில் அப்பாவிடம் இருக்கிறது. அதைச் செயலாகக் காட்டு என்று பையன் கேட்பதைத்தான் அப்பாவால் தர முடியவில்லை.

இதற்குப் பிறகு வருவதில்தான் காமிக்ஸும் படமும் முற்றிலும் பிரிகின்றன. ஜேசன் துப்பாக்கியைப் பேட்மேனிடம் எறிந்து, என்னைச் சுடு, இல்லையென்றால் இவனை நான் சுடுவேன் என்கிறான். பேட்மேன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு நடக்கிறான். காமிக்ஸில் அடுத்து பேட்மேனின் வவ்வால் வடிவ எறி ஆயுதமான பேட்டரங் பறந்து ஜேசனின் கழுத்தைக் கிழிக்கிறது. ஜோக்கரின் உயிரைக் காக்கத் தன் மகனின் கழுத்தையே வெட்டினான் என்று அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. கொல்லக் கூடாது என்ற பேட்மேனின் வாதத்தை அந்த ஒரு படமே தகர்த்துவிடுகிறது. போதாக்குறைக்கு இன்ஃபினிட் கிரைசிஸ் தொடரின்படி பிளட்ஹேவன் நகரம் அதே சமயத்தில் அழிய வேண்டும், ஆகவே இவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது பக்கத்து ஊர் வெடிக்கிறது. திரைக்கதையில் வினிக் இரண்டையும் திருத்தினார். ஜேசன் பேட்மேனை நோக்கியே சுடுகிறான். பேட்மேன் குண்டிலிருந்து விலகி எறிந்த பேட்டரங் துப்பாக்கியின் குழலுக்குள் போய்ச் செருகிக்கொள்கிறது. ஜேசன் அடுத்து விசையை அழுத்தியதும் துப்பாக்கி அவன் கையிலேயே வெடிக்கிறது. காயம் அவன் செய்கையால் வந்தது. பேட்மேன் தன் சொல்லுக்கு மாறாக நடக்கவில்லை. ஓர் ஆயுதம் போய்ச் சேரும் இடத்தை நாலு அங்குலம் மாற்றியதில் ஒரு பாத்திரத்தின் மானம் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

காமிக்ஸ் படிக்காமல் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். தேவையானதையெல்லாம் படமே சொல்லிவிடுகிறது. பார்த்தபிறகு 408ஆம் இதழ், 424ஆம் இதழ், 'எ டெத் இன் தி ஃபேமிலி', கடைசியாக வினிக்கின் தொடர் என்ற வரிசையில் படியுங்கள். வினிக்கின் தொடரை முதலில் படித்தால் சூப்பர்பாய் பிரைமின் குத்து உங்களை விரட்டிவிடும். 2020இல் இதே வியட்டி 'பேட்மேன்: டெத் இன் தி ஃபேமிலி' என்ற பெயரில், பார்ப்பவரே கதையின் போக்கைத் தேர்ந்தெடுக்கும் ஒரு படம் எடுத்தார். பழைய தொலைபேசி வாக்கெடுப்பின் நினைவாகச் செய்தது அது. பல கிளைகளில் பழைய படத்தின் காட்சிகளே திரும்ப வருகின்றன. ஜேசன் பிழைத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. அந்த வழிகளில் அவன் பேசும் எதுவும், கிரைம் ஆலி அறையில் அவன் கேட்ட கேள்வியின் பக்கத்தில்கூட வரவில்லை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும், பார்க்காவிட்டாலும் இழப்பில்லை.